குளம் எத்தனை அடி?

முரசுமோட்டை,
மாசி 9.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாளாகிறது. பதில் பிந்தியதற்குக் காலபோக நெல் வெட்டுத்தான் காரணம். வயலுக்குள் ஈரம் காயாமல் கிடந்தது. மெசின் இறங்கினால் புதையும் என்று ஒரு கிழமை வரம்பிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது மேட்டுத்துண்டு முடிந்துவிட்டது, பள்ளத்துண்டு மிச்சம் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, ஆனாலும் நெல் காயப்போட்ட படங்கைவிட்டு அரக்கமாட்டேன் என்கிறா. மகள் அறிவியல்நகரில் விவசாய பீடத்தில் இரண்டாம் வருசம். உன் மகன் உயர்தரம் நல்லபடியாக எழுதினான் என்று படித்தபோது சந்தோசமாக இருந்தது. முடிவு வந்ததும் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும்.

சரி, உன் இணையப் பக்கத்தின் விசயத்துக்கு வருகிறேன். "பக்கத்தில் போட ஒன்றும் மிச்சம் இல்லை மச்சான், தெரிந்ததெல்லாம் சொல்லி முடிந்துவிட்டது" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். வவுனியாவில் பதினெட்டு வருசமாக மோட்டார்சைக்கிள் திருத்துகிற மனிசன் நீ. என்னால் நம்ப முடியவில்லை. அதனால்தான் வேலைக்கு நடுவிலும் இதை நீளமாக எழுதுகிறேன்.

எனக்கும் இப்படி ஒரு காலம் வந்தது. என் விவசாயப் பக்கம் தொடங்கி எட்டு மாதத்தில் கை நின்றுவிட்டது. என்ன எழுதுவது என்று தெரியாமல் தமிழ்நாட்டு விவசாயப் பக்கங்களைப் பார்த்து அதேமாதிரி எழுதத் தொடங்கினேன். குறுவை, சம்பா, தாளடி என்று அவர்களுடைய போகக் கணக்கில் எழுதினேன். உர அளவையும் அவர்களுடைய அட்டவணையில் இருந்தபடி எக்டயருக்குப் போட்டேன். பரந்தனில் ஒரு ஐயா என்னை மறித்து, "தம்பி, குறுவை எண்டா எங்கட காலபோகமோ சிறுபோகமோ? நான் எந்த மாதம் விதைக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மழையோடு செய்கிற காலபோகம், குளத்துத் தண்ணீரில் செய்கிற சிறுபோகம் என்று இரண்டுதானே எங்களுக்கு. ஏக்கர் கணக்கில் கமம் செய்கிற ஒருவர் எக்டயர் அளவை அப்படியே ஏக்கருக்குப் போட்டிருந்தால் இரண்டரை மடங்கு உரம் கொட்டியிருப்பார். அன்றிரவே அந்தப் பதிவுகளை அழித்தேன். இன்னொருவருடைய மண்ணுக்கு எழுதியதை எடுத்து எங்கள் மண்ணில் விதைக்கக் கூடாது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அதற்குப் பிறகு என்னைத் தூக்கி நிறுத்தியது ஒரேயொரு கேள்வி. ஐப்பசியில் மழை தொடங்கினால் எங்கள் பக்கத்தில் எல்லார் வாயிலும் அதுதான்: "குளம் எத்தனை அடி?" தேத்தண்ணிக் கடையில் கேட்பார்கள், செத்த வீட்டில் கேட்பார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வந்த தாய்மாரும் கேட்பார்கள். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பதை வைத்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பங்கு வரும் என்பதும் அதில்தான் தங்கியிருக்கிறது. ஒரு வீட்டின் அடுத்த ஆறு மாதச் சோறு அந்த அடிக்கணக்கில் நிற்கிறது. நான் ஒருநாள் மோட்டார்சைக்கிளில் அணைக்கட்டுக்குப் போய் அளவுக்கம்பைப் பார்த்து, அந்த இலக்கத்தை மட்டும் பக்கத்தில் போட்டேன். அதற்கு முன் நான் மினக்கெட்டு எழுதிய எந்தக் கட்டுரைக்கும் கிடைக்காத அளவு ஆட்கள் வந்தார்கள். கனடாவில் இருக்கிறவர்களும் வந்து, "மழை இன்னும் இருக்கோ? வான்கதவு திறந்தாச்சோ?" என்று கேட்டார்கள்.

2018 மார்கழி வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் ஒரு வேலை மட்டும் செய்தேன். நானே கண்ணால் பார்த்ததை, பார்த்த நேரத்தோடு போட்டேன். கேள்விப்பட்டதைப் போடவில்லை. இன்றுவரைக்கும் அதுதான் என் பழக்கம்.

அந்த ஒரு கேள்வியில் இருந்து எத்தனை கேள்வி கிளைத்தது தெரியுமா? குளத்துக்கு இரணைமடு என்று ஏன் பெயர் என்று ஒரு பிள்ளை கேட்டாள். இரணை என்றால் இரட்டை, மடு என்றால் ஆழமான நீர்நிலை என்று எழுதினேன். உடனே இன்னொருவர், "அப்ப முரசுமோட்டையில மோட்டை எண்டா என்ன?" என்று கேட்டார். நான் பிறந்த ஊரின் பெயர், எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "சின்னக் குளம், மழைத்தண்ணி தேங்கி நிக்கிற இடம்" என்றா. பிறகு ஊர்ப் பெயர்களையே ஒரு தொடராக எழுதினேன்: தண்ணீரூற்று, முத்தையன்கட்டு, கணுக்கேணி, தண்ணிமுறிப்பு, கனகராயன்குளம். ஏ9 வீதியில் ஓமந்தையில் இருந்து பஸ்ஸில் வரும்போது பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தாலே பாதி விசயம் கிடைத்துவிடும். வன்னிச் சனம் தண்ணீரை எப்படியெல்லாம் பார்த்திருக்கிறது என்பது அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. மூன்று மாதம் எழுதினேன், இன்னும் முடியவில்லை.

இப்போது உன் கடைக்கு வருகிறேன். காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் ஆள் வாய் திறந்து சொல்கிற முதல் வசனம் என்ன? "அண்ணை, விடிய ஸ்ராட் எடுக்குதில்லை." அதுதான் உன் தலைப்பு. அவன் சொன்ன அதே சொல்லில் எழுது, அழகுபடுத்தாதே. நீ கடைசியாகப் போட்ட பதிவின் தலைப்பு "எரிபொருள் விநியோக அமைப்பின் பராமரிப்பு" என்று இருந்தது. நல்ல தமிழ்தான், ஆனால் நட்டுக்கழன்ற மோட்டார்சைக்கிளோடு நெடுங்கேணி றோட்டில் நிற்கிற ஒருவன் அப்படித் தேடமாட்டான். அவன் வாயில் வருகிறதைத்தான் போனில் அடிப்பான். அதுவும் பலபேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள். கூகுள் தேடல் பெட்டியில் "பைக்" என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு நிறுத்திப் பார். கீழே தானாக வரிசையாக வருகிறதில் பெரும்பாலானவை மற்றவர்கள் உண்மையில் தேடியவை. அடுத்ததாக ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துப் பார். யூரியூப் தேடலிலும் இப்படிப் பார்க்கலாம்.

கூகுள் ட்ரெண்ட்ஸ் பற்றியும் கேட்டிருந்தாய். அதில் இலங்கையைத் தெரிவுசெய்து பார்க்கலாம். ஆனால் அது காட்டுகிற இலக்கம் எத்தனை பேர் தேடினார்கள் என்பதல்ல. அந்தக் காலத்தில் அதிகம் தேடப்பட்ட நேரத்தை 100 என்று வைத்து மற்றதை அதற்கு ஒப்பிட்டுக் காட்டுகிறது. எங்கள் ஊர்ச் சொல் எதையாவது கொடுத்தால் பெரும்பாலும் தரவு போதாது என்றுதான் வரும். எந்த மாதத்தில் ஒரு விசயம் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்க்க மட்டும் அதைப் பாவி. உன் வலைப்பூவுக்கு சேர்ச் கொன்சோல் இணைத்திருக்கிறாயா? இல்லையென்றால் இன்றைக்கே மகனைக் கொண்டு இணை. என்னென்ன சொல்லைத் தேடியபோது உன் பக்கம் கண்ணில் பட்டது என்ற கணக்கு, இணைத்த நாளில் இருந்து 16 மாதம்வரைக்கும் அதில் சேர்ந்துகொண்டு வரும். நீ எழுதாத ஒரு விசயத்துக்குக்கூட ஆட்கள் உன் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருப்பார்கள். அதுதான் அடுத்த பதிவு.

செயற்கை நுண்ணறிவிடம் தலைப்புக் கேட்டதாகவும் எழுதியிருந்தாய். நானும் கேட்டுப் பார்த்தேன். "விவசாயிகளுக்குப் பத்து முக்கியக் குறிப்புகள்" என்று வந்தது. யாருக்கும் தரக்கூடிய பட்டியல் அது. முரசுமோட்டை அதற்குள் இல்லை. எழுதி முடித்த பிறகு, "இதை வாசிக்கிறவருக்கு இன்னும் என்ன கேள்வி வரும்?" என்று அதனிடம் கேட்டால் மட்டும் சிலவேளை உருப்படியாக ஏதாவது சொல்கிறது.

உன்னிடம் இன்னொரு பெரிய சொத்து இருக்கிறது, பருவம். ஆனி, ஆடியில் சோளகக் காற்று அடிக்கும்போது கிறவல் றோட்டுப் புழுதி முழுக்க எயார் பில்ரருக்குள் போய் அடைக்கிறது. பிளக் கரிபிடித்துக் கறுப்பாக வருகிறது, பெற்றோல் குடிக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீருக்குள்ளால் ஓடிக்கொண்டு வந்தவனுடைய என்ஜின் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது என்று நீதானே எனக்குக் காட்டினாய்? அப்படியே தொடர்ந்து ஓடினால் என்ன நடக்கும் என்று நீ அன்று சொன்ன கால்மணித்தியாலப் பேச்சு இன்னும் எனக்குப் பாடம். அதை நீ எங்கேயும் எழுதவில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு எத்தனை மோட்டார்சைக்கிள் இரவோடு இரவாகப் போகிறது, ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு எத்தனை போகிறது என்று யோசி. அந்தப் பயணத்துக்கு மூன்று கிழமை முன்னால் லைற், பிரேக், செயின் பார்க்கச் சொல்லி நீ போட வேண்டும். வெள்ளம் வந்த அன்றைக்கு வெள்ளத்தைப் பற்றி எழுதினால் பிந்திவிடும், அதைப் புரட்டாதியிலேயே எழுதி வைத்துவிடு.

பழையதைத் தேடவும் மறந்துவிடாதே. நூலகம் இணையத்தளத்தில் 2005 தொடக்கம் எங்கள் ஆட்களின் புத்தகம், பத்திரிகை, மலர் எல்லாம் சேர்த்து வைக்கிறார்கள். அதில் பழைய விளம்பரங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தேன்.

இனி ஒரு விசயம் மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். நீ கடைசியில் எழுதியிருந்தாய், "கஷ்டப்பட்ட குடும்பங்களின்ர வீடியோதான் இப்ப ஓடுது, அதைச் செய்து பார்க்கட்டோ" என்று. வேண்டாம் மச்சான். எங்கள் வட்டாரத்தில் ஒரு அம்மாவிடம் கமராவோடு வந்தார்கள். ஒரு பை அரிசியும் சாமானும் கொடுத்துவிட்டு, 2009 இல் போர் முடிந்தபோது என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டு அழவைத்து, அந்த அழுத முகத்தையே முகப்புப் படமாகப் போட்டார்கள். வீடியோ நன்றாக ஓடியது. அவருடைய பேத்தி ஒரு மாதம் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நின்றாள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். நாங்களும் அந்த அகதி முகாம் தறப்பாளுக்குள் இருந்து வந்தவர்கள்தானே. அன்றைக்கு எங்கள் முகத்துக்கு நேரே ஒருவன் கமராவைப் பிடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

பிறகு அந்த அம்மாவிடம் நான் போனேன். கமரா கொண்டுபோகவில்லை. பயற்றை வருசம் முழுக்கச் சூத்தை பிடிக்காமல் எப்படி வைத்திருக்கிறியள் என்று மட்டும் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் ஒரு மண்பானையை எடுத்து வந்தா. பயற்றைச் சுள்ளென்ற வெயிலில் காயவிட்டு, சூடு ஆறிய பிறகு சாம்பல் பிரட்டி, அடியிலும் மேலேயும் காய்ந்த வேப்பிலை போட்டு, வாயை மண் பூசி மூடுவாவாம். "சூடு ஆறமுன்னம் மூடினியெண்டா வேர்த்துப் போம், அதுதான் பிழை விடுற இடம்" என்று என் கையைப் பிடித்து, ஒரு பிடி பயற்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினா. அடுத்த கிழமை அனுமதி கேட்டு அவருடைய கையையும் பானையையும் மட்டும் படம் எடுத்தேன். போடுவதற்கு முன் பேத்தியிடம் காட்டினேன். அவள் சரி என்ற பிறகுதான் போட்டேன். இப்போது விதை கேட்டு அந்த வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். இந்தச் சனத்திடம் இழந்த கதையை மட்டுமே எல்லாரும் கேட்கிறார்கள், தெரிந்த கதையைக் கேட்க ஆள் இல்லை. அது எங்களால் முடிந்த வேலை. தயவுசெய்து அதைச் செய்வோம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கிக் கடையில் ஒயில் படாத ஒரு இடத்தில் தொங்கவிடு. ஒரு கிழமைக்கு வருகிறவர்கள் சொல்கிற முதல் வசனத்தை மட்டும் எழுது, ஒன்றையும் திருத்தாதே. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பு. இரண்டு பேரும் இருந்து பார்ப்போம். ஒரே கேள்வி மூன்று தரம் வந்திருந்தால் அதை முதலில் எழுது. உனக்கு அது சின்ன விசயமாகத் தெரியலாம். பதினெட்டு வருசம் செய்த கைக்கு எல்லாம் சின்னதாகத்தான் தெரியும். கேட்கிறவனுக்கு அது அன்றைக்கு வேலைக்குப் போவதா இல்லையா என்கிற விசயம்.

கொப்பியின் முதல் வரி நான் தருகிறேன். என்னுடைய லான்ட்மாஸ்ரர், அந்த இரண்டு சில்லு உழவு மெசின், விடிய ஸ்ராட் பண்ணினால் ஐந்து நிமிசத்துக்கு வெள்ளைப் புகையாகத் தள்ளுகிறது, சூடேறின பிறகு நின்றுவிடுகிறது. இது விட்டுவிடலாமா, கழற்றிப் பார்க்க வேணுமா? பள்ளத்துண்டு நெல் ஏற்றுவதற்கு முன் பதில் வேண்டும்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். அம்மா உனக்கு ஒரு மூட்டை மொட்டைக்கறுப்பன் நெல் எடுத்து வைத்திருக்கிறா. பூநகரியில் இருந்து வந்தது. வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
உன் மச்சான்