பழைய கேசட்டுகளின் சொந்தக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிண்டெண்டோ, சோனி, சேகா, கோனாமி, இன்னும் பழைய வீடியோ கேம்களின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் எல்லா நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். உங்கள் கேமை நான் முதன்முதலில் ஆடியது திருட்டுக் கேசட்டில்தான். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊரில் வீடியோ கேம் என்றால் டிவியில் மாட்டும் ஒரு டப்பாவும், அதில் செருகும் மஞ்சள் கேசட்டும்தான். கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உட்கார்ந்து எண்ணினால் இருபது கேம் தேறாது. அதே மரியோ, அதே காண்ட்ரா, பெயரையும் தொடங்கும் கட்டத்தையும் மாற்றி மாற்றி வரும். படம் கோணினால் கேசட்டைப் பிடுங்கி வாயால் ஊதிச் செருகுவோம். (ஊதினால் ஈரம் பட்டு முனைகள் கெட்டுப்போகும், ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. எங்களுக்கு யார் வந்து சொன்னார்கள்?) அந்த டப்பா 1983இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ ஃபேமிகாமின் நகல் என்பதே கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். அசலை எங்கள் தெருவில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே யோக்கியன் வேஷம் போட்டுக்கொண்டு இதை எழுதவில்லை.

அசல் எங்கள் வீட்டுக்கு வந்தது 2001இல். சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா நிண்டெண்டோவின் கையடக்கக் கேம் பெட்டியான கேம் பாய் கலர் ஒன்றும் இரண்டு கேசட்டும் வாங்கி வந்தார். போக்கிமான் ப்ளூ அக்காவுக்கு, சில்வர் எனக்கு. இரண்டு எதற்கு என்று அப்பா கேட்டார். ஒரு கேசட்டில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும், ஒன்றே ஒன்று வாங்கி வந்திருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும் என்பது சித்தப்பாவுக்கு எப்படித் தெரிந்ததோ!

சேமித்த ஆட்டம் அந்தக் கேசட்டுக்குள் எப்படித் தங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு வட்ட பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். நினைவகச் சில்லுக்கு அதுதான் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பேட்டரி செத்தால் சேமித்ததும் போச்சு. என் சில்வர் சீக்கிரம் செத்தது. அந்தக் கேமில் பகல் இரவு பார்க்க உள்ளேயே ஒரு கடிகாரம் ஓடும். ஆடினாலும் ஆடாவிட்டாலும் அது பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். ப்ளூவில் கடிகாரம் கிடையாது.

போன வருடம், கேசட்டைக் கணினியில் படிக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும். யூஎஸ்பியில் மாட்டி, அக்காவின் ப்ளூவை அதில் நட்டேன். கேம் ஒரு ஃபைலாக வந்து விழுந்தது: 1 எம்பி. சேமித்த ஆட்டம் தனி ஃபைல்: 32 கேபி. இரண்டையும் எமுலேட்டரில் (கணினியைக் கேம் பாய் போல நடிக்கவைக்கும் நிரல்) திறந்தேன். ‘தொடர்க’ என்ற கட்டத்தை அழுத்தினால் ஆடியவர் பெயர் வந்தது. அக்கா பெயர் தேன்மொழி. ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து. கேமில் ஏழுக்கு மேல் இடமில்லை. அதனால் வால் அறுந்த பெயராக, ‘தேன்மொ’வும் அதன் பின்னால் தனியாகத் தொங்கும் ஒரு ‘இசட்’டும். பேட்ஜ் 8. நேரம் 61 மணி 24 நிமிடம். படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில்: “டேய், விக்டரி ரோட்ல அந்தப் பாறையைத் தள்ளத் தெரியாமதான்டா விட்டேன். இன்னும் அங்கேயேவா நிக்கிறேன்?”

நான் செய்தது திருட்டா? இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கணினி நிரல் ஒன்றைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ தற்காலிகப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நகலெடுத்து வைக்க இடம் கொடுக்கிறது. கேமும் நிரல்தானே என்பது என் வாதம். நான் வக்கீல் இல்லை. ஆனால் எமுலேட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே நீங்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டித் திருட்டுச் சரக்கு என்று ஓரம் கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எமுலேட்டர் என்பது ஒரு வேடம். கணினி, ‘நான் கணினி இல்லை, கேம் பாய்’ என்று ஒப்பனை போட்டுக்கொள்கிறது. கேம் அதை நம்பி ஓடுகிறது. கேட்பதற்கு எளிது. ஆனால் சூப்பர் நிண்டெண்டோ என்ற பழைய கேம் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூளை அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதைத் துல்லியமாக நடிக்க 3 கிகாஹெர்ட்ஸ் கணினி வேண்டும் என்று பிஎஸ்நெஸ் எமுலேட்டரை எழுதியவர் 2011இல் விளக்கினார். எண்ணூறு மடங்குக்கும் மேல்! காரணம், அந்தப் பெட்டிக்குள் கணக்குப் போடும் சில்லு, படம் வரையும் சில்லு, ஒலிச் சில்லு எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்தன. எமுலேட்டரோ ஒரே ஆள் எல்லா வேஷமும் கட்டும் கூத்து மாதிரி. அர்ஜுனனாக ஒரு சொல், ஓடிப்போய்க் கிரீடத்தை மாற்றித் துரியோதனனாக ஒரு சொல், நொடிக்குப் பல லட்சம் தடவை. ஒரு தடவை பிந்தினாலும் எங்கோ ஒரு கேமில் ஒலி பிசகும், அல்லது திரை உறைந்து நிற்கும்.

சேகாகாரர்களே, உங்கள் முதல் சோனிக் கேமின் அருவி நினைவிருக்கிறதா? உங்கள் மெகா டிரைவ் பெட்டியின் சில்லால் ஒளி ஊடுருவும் நீரை வரைய முடியாது. உங்கள் ஓவியர்கள் ஒன்றுவிட்டு ஒன்று செங்குத்துக் கோடுகளாக வரைந்து வைத்தார்கள். அந்தக் காலத்து வீடியோ கேபிளும் குண்டு டிவியும் கோடுகளைக் கலங்கடித்து ஒன்றாக்க, கண்ணுக்கு அது தண்ணீராகத் தெரிந்தது. இன்றைய டிவியில் பார்த்தால் சீப்பு மாட்டிவைத்தது போல இருக்கும். அந்தக் கலங்கலைக் கணக்குப் போட்டுத் திரும்பக் கொண்டுவரும் வடிகட்டிகளை எமுலேட்டர் எழுதுபவர்கள் சம்பளம் வாங்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஓவியர் மனத்தில் இருந்த அருவியை இன்றைக்குப் பார்க்க வேண்டுமானால் அவர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

இந்த வேடம் கட்டுவது குற்றமில்லை என்று நீதிமன்றமே சொல்லியாயிற்று. 1999இல் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் மேக் கணினியில் பிளேஸ்டேஷன் கேம் ஓடும்படி ஒரு எமுலேட்டரை விற்றது. சோனி வழக்குப் போட்டது. 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த வருடமே சோனி அந்த எமுலேட்டரை விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. சரி, வியாபாரம். ஆனால் 2018இல் அதே சோனி விற்ற பிளேஸ்டேஷன் கிளாசிக் குட்டிப் பெட்டிக்குள் ஓடியது எது? ரசிகர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்த பிசிஎஸ்எக்ஸ் எமுலேட்டர்தான். நிண்டெண்டோ 2024 அக்டோபரில் கியோட்டோ அருகே உஜியில் அருங்காட்சியகம் திறந்தபோது, அங்கே ஒருவர் கன்ட்ரோலரைப் பிடுங்கியதும் விண்டோஸ் கணினியில் கேட்கும் ‘டொண்டொங்’ ஒலி கேட்டது என்று செய்தி வந்தது. எனக்கு அதில் குறையே இல்லை. பழைய பெட்டியை நாள் முழுக்க ஓடவிட்டுக் கெடுப்பதைவிட அது நல்ல முடிவு. எங்கள் வீட்டிலும் அதையேதான் செய்கிறோம் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். யூசு எமுலேட்டர்மீது நிண்டெண்டோ 2024 பிப்ரவரியில் வழக்குப் போட்டது. மார்ச்சில் 24 லட்சம் டாலருக்குச் சமரசமாகி அது மூடப்பட்டது. அப்போது எங்கள் நண்பர் கூட்டத்தில் பலர் கொதித்தார்கள். நான் கொதிக்கவில்லை. கடையில் அன்றைக்கு விற்றுக்கொண்டிருந்த, நிண்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டிக்கான கேம்கள் அதில் ஓடின. 2023இல் புது செல்டா கேம் வெளியாகும் முன்பே கசிந்து ஊரெல்லாம் சுற்றியது. உழைத்தவன் வயிற்றில் அடித்துவிட்டு அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பேசுவது, நீங்கள் விற்காததைப் பற்றி.

விற்காதது எவ்வளவு என்று பாருங்கள். அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அங்கே வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் அன்றைக்கு எந்த வடிவத்திலும் விற்பனையில் இல்லை. கேம் பாய் வரிசையை மட்டும் எடுத்தால் கிடைப்பது 6 சதவீதத்துக்கும் கீழே. என் இரண்டு கேசட்டும் கொஞ்ச காலம் அதிர்ஷ்டசாலிகள்: ப்ளூ 2016இலும் சில்வர் 2017இலும் நிண்டெண்டோவின் 3டிஎஸ் கையடக்கப் பெட்டிக்கான இணையக் கடையில் விற்பனைக்கு வந்தன, அதுவும் எமுலேட்டருக்குள் வைத்துத்தான். 2023 மார்ச் 27இல் அந்தக் கடையை இழுத்து மூடினீர்கள். மற்ற சில கேம்கள் மாதச் சந்தாவில் கிடைக்கின்றன. சந்தா நின்ற அன்று கேமும் நின்றுவிடும்.

நீங்களாவது பத்திரமாக வைத்திருக்கிறீர்களா என்றால், அதுவும் இல்லை. 2012இல் கோனாமி சைலண்ட் ஹில் என்ற திகில் கேமின் இரண்டாம், மூன்றாம் பாகங்களைப் புதுப்பித்து வெளியிட்டபோது, அவற்றின் இறுதி மூல நிரல் கோனாமியிடமே இருக்கவில்லை. பாதி முடிந்த பதிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஊரை மூடியிருக்க வேண்டிய மூடுபனி விலகி, எதை மறைக்க அது இருந்ததோ அதெல்லாம் பல்லிளித்தது. எங்களுக்கு இந்த வலி புதிதில்லை. தமிழின் முதல் பேசும் படம், 1931இல் வந்த ‘காளிதாஸ்’, இன்று பார்க்கக் கிடைக்காது. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஒரு பிரதி இருந்திருந்தால், அவர் அதைச் சட்டப்படி வைத்திருந்தாரா என்று இன்றைக்கு யார் கேட்கப் போகிறார்கள்?

நூலகங்களைக்கூட நீங்கள் விடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். விற்பனையில் இல்லாத கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து எமுலேட்டர் வழியாகப் பார்க்க நூலகங்களுக்கு அனுமதி வேண்டும் என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் கேட்டார்கள். மற்ற மென்பொருள்களுக்கு 2021லேயே அந்தச் சலுகை கிடைத்துவிட்டது. கேமுக்கு மட்டும் ஆய்வாளர் நேரில் அந்தக் கட்டடத்துக்கு வந்தாக வேண்டும். உங்கள் நிறுவனங்களின் தொழில் சங்கம் (ஈஎஸ்ஏ) எதிர்த்தது. எத்தனை கட்டுப்பாடு போட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டோம் என்கிற தொனியில் அதன் வழக்கறிஞர் பேசினார். 2024 அக்டோபரில் அலுவலகம் மறுத்துவிட்டது. ஆய்வு என்ற பெயரில் ஜாலியாக ஆடிவிடுவார்களாம். நாவலை நூலகத்தில் எடுத்து ஜாலியாகப் படிப்பவரை யாராவது எழுப்பி விடுகிறார்களா? மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து கேம் வடிவமைப்பு படிக்கும் ஒரு பிள்ளை, 1990இல் வந்த ஒரு கேமைப் பார்க்க விசா எடுத்து அமெரிக்காவுக்கா போக வேண்டும்?

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்றால், புதிதாக எதுவும் வேண்டாம், உங்களில் ஒருவர் செய்ததையே எல்லோரும் செய்தால் போதும். சேகா ஸ்டீம் என்ற இணையக் கடையில் மெகா டிரைவ் கேம்களை விற்றபோது, வாங்கியவரின் கணினியில் ரோம் ஃபைல்களே, அதாவது கேசட்டில் இருந்த கேமின் முழு நகலே, வந்து இறங்கின. பூட்டு இல்லை, சாவி இல்லை. சேகா கொடுத்த எமுலேட்டர் பிடிக்காவிட்டால் நமக்குப் பிடித்ததில் போட்டு ஆடலாம். காசு சேகாவுக்குப் போனது, ஃபைல் நமக்கு வந்தது. வேறென்ன வேண்டும்? ஆனால் 2024 டிசம்பரில் அந்தத் தொகுப்பையும் சேர்த்து அறுபதுக்கும் மேற்பட்ட கேம்களைச் சேகா கடையிலிருந்து எடுத்துவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஃபைல் இருக்கிறது. வாங்காதவருக்கு இனி எந்த வழி மிச்சம் என்று சேகாவுக்கே தெரியும்.

அந்தக் கடையைத் திரும்பத் திறங்கள். மற்றவர்களும் திறங்கள். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் வெறும் 40 கேபி. காலையில் பெரியம்மா அனுப்பும் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப் படம் இதைவிடப் பெரியது. அதை ஃபைலாக விற்க உங்களுக்குத் தொழிற்சாலை வேண்டாம், லாரி வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி அதன் உரிமை 2080 முடியும் வரை உங்களிடம்தான் இருக்கும். அப்போது எனக்கு 93 வயது. அதுவரை நீங்களே விற்றுச் சம்பாதியுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. விற்க மனமில்லாத கேம்களை மட்டும் நூலகங்களிடம் விட்டுவிடுங்கள். அந்த அனுமதிகளைப் பதிப்புரிமை அலுவலகம் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் எடுத்துப் பார்க்கும். அடுத்த முறை 2027. அன்றைக்கு உங்கள் சங்கத்தின் வழக்கறிஞர் எதிர்த்துப் பேச எழாமல் உட்கார்ந்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
தேன்மொழியின் தம்பி

பி.கு.: இதைப் படிக்கும் நம்மவர்களுக்கு. பரணில் பழைய கேம் பாய் கேசட் கிடந்தால், பேட்டரியை மாற்றுகிறேன் என்று முதலில் திறந்துவிடாதீர்கள். பழைய பேட்டரியைக் கழற்றிய நொடியில் சேமித்தது அழிந்துவிடும். முதலில் கணினியில் நகலெடுங்கள், அப்புறம் பற்றவைக்கும் ஆளைத் தேடுங்கள். அக்காவுக்கு அந்த 32 கேபி ஃபைலை அனுப்பிவிட்டேன். பாறையைத் தள்ளிவிட்டாளாம்.