மல்லிகாவுக்கு, பிள்ளைகளின் மனசாட்சி பற்றி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. முத்தியால்பேட்டையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை விட்டு வெயில் தலைகாட்டுகிறது.

நாலு வயசுப் பிள்ளைக்கு மனசாட்சியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறாய். உறுத்தல் பிள்ளைக்குள் ஏற்கெனவே முளைவிட்டிருக்கிறது. நாம் போடுகிற சத்தத்தில் அது அமுங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

ஒரு பையன் கலர் சாக்பீஸை எடுத்து டிராயர் பாக்கெட்டில் போடுவதை நீயே பார்த்துவிட்டாய் என்று வை. உன் முகத்தைப் பார்க்க மாட்டான். பாக்கெட்டுக்குள் கை இறுக மூடியிருக்கும். அப்போது "யார் எடுத்தது?" என்று கேட்காதே. தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வி அவனைப் பொய்க்குள் தள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து, மற்றப் பிள்ளைகள் காதில் விழாமல், "உன்கிட்ட சாக்பீஸ் இருக்கு. உள்ளுக்குள்ள எப்படி இருக்கு?" என்று கேள். வயிற்றைத் தொட்டுக் காட்டுவான், அல்லது தலையைக் குனிவான். அது போதும். அடுத்து, "இது இல்லாம மத்தவங்க எப்படிப் படம் போடுவாங்க?" கடைசியாக, "இப்ப என்ன செய்யலாம்?" பதில் வர அரை நிமிஷம் ஆனாலும் பொறு. நீயே பதிலைச் சொல்லிவிட்டால் அவனுக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. அவன் கையாலேயே திருப்பி வைக்கட்டும். அதோடு விஷயம் முடிந்தது. சாயங்காலம் கூட்டிப்போக வரும் அம்மாவிடம் நாலு பேர் முன்னால் சொன்னால், அடுத்த தடவை இன்னும் சாமர்த்தியமாக ஒளிப்பான்.

கண்ணால் பார்க்காத விஷயத்தில் சந்தேகப்படாதே. கூச்சப்படுகிற பிள்ளையும் முகத்தைப் பார்க்காமல்தான் நிற்கும். அழுது கத்தும்போதும் பேசிப் பயனில்லை, அடங்கட்டும்.

"சாமி கண்ணைக் குத்தும்" என்று மிரட்டினால், யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் பிள்ளையின் கவனம் போகும். "நீ கெட்ட பையன்" என்றால் ஒளிந்துகொள்வான். "நீ செஞ்சது தப்பு" என்றால் சரிசெய்ய வழி தேடுவான். பிடித்துத் தள்ளிக் கேட்க வைக்கும் 'சாரி'யும் வெறும் வாய்வார்த்தைதான்.

கதை சொல்லும்போதும் கவனம் வேண்டும். கனடாவில் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளை வைத்து உளவியலாளர் காங் லீ குழுவினர் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. 'புலி வருது' மாதிரி, பொய் சொன்னவன் கெட்டுப்போகிற கதைகளால் பிள்ளைகள் உண்மை சொல்வது கூடவில்லை. உண்மையைச் சொன்ன சிறுவனைப் பாராட்டுகிற கதையால் கூடியது. கதையை அப்படித் தேர்ந்தெடு.

இன்னொன்று, தெரியாமல் 15 கோப்பையை உடைத்தவனா, திருட்டுத்தனமாக ஜாம் எடுக்கப்போய் ஒன்றை உடைத்தவனா, யார் செய்தது பெரிய தப்பு என்று பிள்ளைகளிடம் கேட்டதை, சுவிஸ் உளவியலாளர் பியாஜே 1932இல் எழுதியிருக்கிறார். சின்னப் பிள்ளைகளில் பலர் 15 உடைத்தவனையே காட்டினார்கள். அதனால் 'வேணும்னு செஞ்சானா, தெரியாம ஆச்சா' என்பதை ஒவ்வொரு தடவையும் நீதான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு கிடையாது. பயந்த சுபாவப் பிள்ளைக்கு மெதுவான ஒரு வார்த்தை போதும், அதட்டினால் பயம் மட்டுமே மனசில் நிற்கும். பயமே இல்லாத பிள்ளையிடம் மிரட்டலும் செல்லாது, அவனோடு உன் ஒட்டுதல்தான் வேலை செய்யும். கிரஸீனா கொச்சான்ஸ்கா என்ற உளவியலாளர் பல வருஷம் ஆராய்ந்து சொன்னதும் இதுதான். செய்யாத தப்புக்கும் 'நான்தானா?' என்று தவிக்கிற பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். அதற்கு, "இது உன்னால ஆகலை" என்று தெளிவாகச் சொல்லிவிடு.

வகுப்பு முடியும்போது கண்ணை மூடி ஒரு நிமிஷம் உட்கார வை. 4 வயசுப் பிள்ளை என்றால் அரை நிமிஷமே போதும். "இன்னைக்கு எது மனசுக்கு நல்லா இருந்துச்சு, எது உறுத்துச்சு?" என்று கேள். பதிலை உரக்கச் சொல்லக் கட்டாயப்படுத்தாதே.

பெற்றோர்களையும் ஒருநாள் உட்கார வைத்துப் பேசு. கடன்காரர் போன் பண்ணினால் "அப்பா இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையிடமே போனை நீட்டுகிற வீட்டில், உன் ஒரு மணி நேர வகுப்பு எடுபடாது. அதை அவர்களிடம் நேராகவே சொல்லிவிடு.

அன்புடன்,
வசந்தா