கடப்படியில் இரண்டு மீன்

களுதாவளை
தை மாதம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல்நாள் வந்தது. முழங்கால் நோவு குறைந்ததா? ஒத்தடம் பிடிக்கச் சொன்னால் நீ கேட்கிற ஆளில்லை. இங்கே எல்லாரும் சுகம். மூத்தவளுக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது, அப்படியே அவளின் மூக்கு.

பென்சன் எடுத்துவிட்டு என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். வாசலுக்கு மரத்தில் ஒரு படலை செய்தேன். சிரிக்காதே. மரவேலை வகுப்பில் நான் செய்த சவர்க்காரப் பெட்டியின் மூடி கடைசிவரை மூடவில்லை என்பது எனக்கும் நினைவிருக்கிறது.

கடப்படியில் நின்ற தகரப் படலை உப்புக்காற்றில் இற்று விழுந்துவிட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரும்பு இங்கே எத்தனை நாளைக்கு நிற்கும்? மனிசிக்குப் பூந்தோட்டத்துக்கு ஏற்ற மாதிரி வடிவான படலை வேண்டுமாம். பின்பத்தியில் அப்பா அடுக்கிவைத்த முதிரைக் கைமரங்கள் கிடந்தன. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளியில் கூரையோடு விழுந்தவை. மறுநாள் காலை நீயும் நானும் உங்கள் வளவில் விழுந்துகிடந்த தென்னைகளை எண்ணிக்கொண்டு நின்றோமே, அதே சூறாவளிதான். இத்தனை வருடம் காய்ந்த மரம் இனி வளையாது என்று துணிந்து இறங்கினேன்.

முதிரை லேசுப்பட்ட மரமில்லை. ஒரு துளை வெட்டி முடிப்பதற்குள் உளியை மூன்று தரம் தீட்ட வேண்டியிருந்தது. போதாததற்கு முழங்கைவரை சிவந்து தடித்து ஒரே கடி. மனிசி நுளம்பு என்றாள். பக்கத்து வளவில் தச்சுவேலை செய்யும் ஓடாவி பார்த்துவிட்டு, "முதிரைத் தூள் சிலருக்கு ஒத்துவராது, நீளக்கைச் சட்டை போடுங்கோ" என்றார். அதற்குப் பிறகு வேர்த்து ஒழுகினாலும் சட்டையைக் கழற்றவில்லை.

அளவு 4 அடி அகலம், 4½ அடி உயரம். கீழே வெறும் சட்டங்கள், இடையில் காற்றுப் போக வெளி. மேலே வளைந்த பலகையில் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு மீன்கள். மீன்பாடும் ஊர் மட்டக்களப்பான் வேறு எதைச் செதுக்குவான்! முதல் மீனின் வாலை நான் மேல்நோக்கி ஒய்யாரமாக வளைத்தேன். அரம் போடும்போது பட்டென்று உடைந்து கையில் வந்தது. நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டினால் மரத்துக்குப் பிடிப்பில்லை, நார் ஓடுகிற பக்கமே வாலும் ஓட வேண்டும் என்றார் ஓடாவி. அதனால்தான் இப்போதுள்ள மீன்கள் கொஞ்சம் நேராகப் படுத்திருக்கின்றன. மனிசி கருவாடு என்கிறாள்.

பெரிய பிழை அதுவல்ல. கணக்கு வாத்தியார் நீ கேட்டால் காதைத் திருகுவாய். நடுவில் போடும் சாய்வுச் சட்டத்தை, தூணோடு படலையைப் பிடிக்கும் மேல் பிணைச்சலிலிருந்து கீழே, பூட்டுகிற கொண்டிப் பக்கத்து மூலைக்கு இறக்கிவிட்டேன், பார்க்க அதுதான் வடிவாக இருந்தது. இரண்டு கிழமையில் மூட்டெல்லாம் இழுபட்டு, கொண்டிப் பக்கம் தாழ்ந்து, மணலில் வட்டம் கீறத் தொடங்கியது. சாய்ந்த வேலிக்கு முட்டுக்கால் எங்கே கொடுப்போம்? விழுகிற பக்கத்தில் கீழே இருந்துதானே? இதற்கும் அதுதான் கணக்கு. கீழ்ப் பிணைச்சலில் காலை ஊன்றி, கொண்டிப் பக்கத்து மேல்மூலையைச் சட்டம் தாங்க வேண்டும். அப்போது பாரம் அமுங்கி அந்தக் கீழ் மூலை வழியாகத் தூணுக்குப் போய்விடும். முழுவதையும் கழற்றித் திருப்பிப் போட்டேன். தூணையும் விடவில்லை. நம்முடைய மணலில் சும்மா நட்டால் ஆடும் என்று 2½ அடி தோண்டிக் கொங்கிறீட் போட்டேன்.

சரி, முடிந்தது என்று இருந்தால் மாரி வந்தது. கார்த்திகையில் ஒருநாள் தபால்காரர் வெளியே, நான் உள்ளே, படலை அசையவில்லை. ஈரத்தில் மரம் நீளத்தில் அவ்வளவாக ஊதாது, அகலத்தில்தான் ஊதும். கோடையில் நான் தூணுக்கும் படலைக்கும் நடுவே நகம் போகிற அளவு இடைவெளிதான் விட்டிருந்தேன். தபால்காரர் கடிதத்தை மீன் வாய்க்குள் செருகிவிட்டுப் போனார். பிறகு சீவிச்சீவி அரை அங்குலம் ஆக்கினேன். ஆணியெல்லாம் பித்தளை. வார்னிஷ் பூசவில்லை, நம் வெயிலுக்கு அது பொருக்குப் பொருக்காக உரியும். ஆளிவிதை எண்ணெய்தான், வருடத்துக்கு ஒருதரம் தேய்த்தால் போதும்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா, இரண்டு நாள் நின்றுதான் போக வேண்டும். படலையைத் திறக்கும்போது கொஞ்சம் தூக்கித் தள்ளு, இன்னும் ஒரு இடம் பிடிக்கிறது. அதைச் சீவத்தான் கேட்கிறேன்: 1981இல் ஒரு கிழமைக்கென்று வாங்கிக்கொண்டு போனாயே என் சின்னச் சீவுளி, அதையும் மறக்காமல் கொண்டு வா.

உன் பழைய வாங்குத் தோழன்