64-இன் கனமூலம் குறித்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியிருக்கிறாய் என்பதில் மகிழ்ச்சி. கணக்கை விட்டு உன்னால் நெடுநாள் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்ததுதான். கனமூலம் காண 64-ஐ 1/3 என்னும் அடுக்குக்கு உயர்த்தினால் 4 வராமல் 3.9999999999999996 வருகிறது, அதை முழு எண்ணாக மாற்றினால் 3 ஆகிவிடுகிறது, 8-க்கும் 27-க்கும் மட்டும் விடை சரியாக வருகிறதே என்று கேட்டிருந்தாய்.

அடுக்குக் காணும் அந்தச் செயற்கூறு (குறிப்பிட்ட கணக்கைச் செய்துதரும் நிரல்பகுதி) பிழை செய்யவில்லை. கணினியில் தசம எண்களைக் கையாள்வதற்கென 1985-இல் வெளியான ஐஇஇஇ 754 தர வரையறையின்படி, 64 பிட் மிதப்புப் புள்ளி எண் (கணினி தசம எண்ணைப் பதிந்துவைக்கும் வடிவம்) ஒன்றில் 53 பிட், அதாவது 53 இரும இலக்க அளவுக்கே துல்லியம் உண்டு. மூன்றில் ஒரு பங்கு, 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்முறையில் முடிவின்றி நீள்வதால், கணினியில் பதிவாவது அதைவிட மிகச் சிறிதளவு குறைந்த ஓர் எண். அந்தக் குறைந்த அடுக்குக்கு 64-ஐ உயர்த்தினால் கிடைக்கும் மெய்யான மதிப்பு 4-ஐவிட ஏறத்தாழ 3 × 10⁻¹⁶ குறைவு. 4-க்குச் சற்று முன்னுள்ள மிதப்புப் புள்ளி எண்ணோ 4.4 × 10⁻¹⁶ தொலைவில் இருக்கிறது. மெய்யான மதிப்பு 4-ஐவிட அதற்கே நெருக்கமாக இருப்பதால் அதுவே விடையாகிறது. 8-க்கும் 27-க்கும் அந்தக் குறை, அடுத்தடுத்த மிதப்புப் புள்ளி எண்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் பாதியைக்கூட எட்டாததால், முழு எண்ணே விடையாக வந்துவிடுகிறது. சிறிய எண்களில் மட்டும் சோதித்துவிட்டு நிரல் சரியென்று முடிவுகட்டுவதில் உள்ள ஆபத்தும் இதுவே. பைத்தான் 3.11 முதல் கனமூலத்துக்கென்றே தனிச் செயற்கூறு இருக்கிறது, அதைப் பயன்படுத்து.

பை மதிப்புக்கு சைன் கண்டால் பூச்சியம் வராமல் 1.2246 × 10⁻¹⁶ வருவதும் இதே கதைதான், ஆனால் எனக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. கணினியில் உள்ள பை, மெய்யான பையைவிட எவ்வளவு குறைவோ அதே அளவைத்தான் சைன் விடையாகத் தருகிறது. அதாவது, நாம் கொடுத்த எண்ணின் குறையை அது நமக்கே அளந்து காட்டுகிறது.

எல்லாச் செயற்கூறுகளுக்கும் ஒரே உத்தரவாதம் இல்லை என்பதையும் நினைவில் வை. வர்க்கமூலத்தின் விடை, மெய்யான மதிப்புக்கு மிக அருகிலுள்ள மிதப்புப் புள்ளி எண்ணாகவே இருக்க வேண்டும் என்று அந்த வரையறை கட்டாயப்படுத்துகிறது. சைன், மடக்கை போன்றவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், கடைசி இலக்கம் கணினிக்குக் கணினி மாறலாம்.

இரண்டு விடைகள் சமமா என்று பார்க்க, கணிதத் தொகுதியில் உள்ள 'இஸ்குளோஸ்' (isclose) என்ற செயற்கூறு உதவும். ஆனால் அது இயல்பாக ஒப்பீட்டு வேறுபாட்டை, அதாவது எண்களின் அளவோடு ஒப்பிட்ட வேறுபாட்டை மட்டுமே பார்ப்பதால், மேற்சொன்ன சைன் விடையைப் பூச்சியத்தோடு ஒப்பிட்டால் சமமில்லை என்றே சொல்லும்; பூச்சியம் வரக்கூடிய இடங்களில், எவ்வளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை நீயே தனியாகக் கொடுக்க வேண்டும். உன் நிரலில் சமக்குறியிட்டு ஒப்பிடும் வரிகளை மட்டும் எடுத்து அனுப்பு. எங்கெங்கே இதைச் சேர்க்க வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்