கயலுக்கு, அல்லைடு வகுப்பு பற்றி

அன்புள்ள கயல்,

ஊறுகாய் பார்சல் வந்து சேர்ந்ததா? அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. மாமா வீட்டு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது. மூன்று வாரமாக "வேலை இருக்கும்மா" என்று போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ பாடம் எடுக்கும் முதல் செமஸ்டர், வேலை இருக்கத்தான் செய்யும். நேரத்துக்குச் சாப்பிடு. சித்தி ஏதோ சொன்னாள். அதை நான் கேட்கப்போவதில்லை.

உனக்கு வந்திருக்கும் மூன்று வகுப்புகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கணிதப் பிள்ளைகளுக்கும் கெமிஸ்ட்ரி பிள்ளைகளுக்கும் அல்லைடு, அதாவது அவர்கள் மேஜருக்குத் துணைப்பாடமாக இயற்பியல்; தமிழ், காமர்ஸ் பிள்ளைகளுக்கு நான்-மேஜர் எலெக்டிவ் வானியல். ஒரே நோட்ஸைத் தூக்கிக்கொண்டு மூன்றுக்கும் போகாதே.

கணிதப் பிள்ளைகள் சமன்பாட்டை உன்னைவிட வேகமாக மாற்றி எழுதிவிடுவார்கள். ஆனால் அலகை விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு டார்ஷன் பெண்டுலத்தை, கம்பியில் தொங்கி முறுக்கி அலைகிற தட்டை, முதலிலேயே கொடு. கம்பி முறுக்கத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்று சொல்லும் விறைப்புக் குணகத்தின் சூத்திரத்தில் கம்பியின் ஆரம் நான்காம் அடுக்கில் வருகிறது. கம்பியின் விட்டம் 0.60 மி.மீ. என்று வை. ஸ்க்ரூ கேஜின் சுழிப்பிழை, அதாவது எதையும் வைக்காதபோதே அது காட்டும் அளவு, 0.02 மி.மீ. அதைத் திருத்தாமல் 0.62 என்று எழுதினால் விட்டத்தில் பிழை 3 சதவீதம்தான், விடையிலோ ஏறக்குறைய 12 சதவீதம். இதை நீயே போட்டுக் காட்டாதே, அவர்களையே போட வை. வகைநுண்கணிதம் எதற்கு என்று அன்றைக்குப் புரியும். கம்பியை ஆறு இடத்திலாவது அளக்கச் சொல். 20 அலைவுக்கான நேரத்தை 20ஆல் வகுக்காமல் அப்படியே T, ஓர் அலைவின் நேரம், என்று எழுதுபவர்கள் எல்லா பேட்ச்சிலும் இருப்பார்கள், ரெக்கார்டில் கையெழுத்துப் போடுமுன் அதைப் பார்.

கெமிஸ்ட்ரி பிள்ளைகளுக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர், முப்பட்டகத்தில் ஒளி விலகும் கோணத்தை அளக்கிற கருவி. லேபுக்கு அரை மணி முன்னால் போ. சோடியம் விளக்கு ஏற்றியதும் சிவப்பாகத்தான் எரியும், நல்ல மஞ்சளுக்கு வரச் சில நிமிடம் பிடிக்கும். குறுக்குக் கம்பி தெளிவாகத் தெரியும்வரை கண்ணருகு வில்லையை நகர்த்தவேண்டும். பிறகு ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பார்த்துத் தொலைநோக்கியைக் குவிக்கவேண்டும். அதன்பின் அந்தத் திருகைத் தொடவே கூடாது. அடுத்து வருகிற பிள்ளை கண்ணாடி போட்டிருப்பாள், மங்கலாக இருக்கிறது என்று அதே திருகைத் திருப்பிவிடுவாள். போச்சு, தொலைநோக்கியை மறுபடி தூரத்து மரத்தைப் பார்த்துக் குவிக்கவேண்டும். கண்ணருகு வில்லையை மட்டும் நகர்த்தச் சொல்.

இன்னொன்று. முப்பட்டகக் கோணம் A எடுக்கும்போது தொலைநோக்கி 0°ஐத் தாண்டிப்போனால் இரண்டு அளவீட்டின் வித்தியாசம் 240° என்று வரும், பிள்ளைகள் பாதியாக்கி A = 120° என்று எழுதிவிடுவார்கள். 360இல் இருந்து கழித்தால் 120°, அதில் பாதிதான் 60°. கிரௌன் கண்ணாடியானால் சிறும விலகு கோணம், ஒளி விலகும் மிகக் குறைந்த கோணம், 39° அருகில் வரவேண்டும், ஒளிவிலகல் எண் 1.52. இந்த எண் உன் மனதில் இருந்தால் மேசைக்கு மேசை ஒரு பார்வையில் தப்பைப் பிடிக்கலாம். சோடியம் விளக்கின் மஞ்சள் கோட்டைத்தான் சூரிய நிறமாலையில் கருங்கோடாகப் பார்த்து, 1814இல் ஃபிரான்ஹோஃபர் D என்று குறித்தார் என்று சொல். அவர்கள் சுடர் சோதனையில் பார்த்த அதே சோடியம்.

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் பாதிப்பேர் இருப்பார்கள். முதல் மாதம் முழுக்கப் பலகையில் மொமென்டம் என்று எழுதினால் பக்கத்திலேயே உந்தம் என்றும் எழுது. அவர்களுக்கு விஷயம் தெரியும், பெயர்தான் தெரியாது. மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும்போது அதன் மேல் விசை உண்டா என்று கேள். முக்கால்வாசிப் பேர் இல்லை என்பார்கள். திட்டாதே. பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடவிட்டு மறுபடி கேள்.

லேபுக்கு முன்னாலேயே போ என்று சொன்னேனா? போ. சாப்பிட்டுவிட்டுப் போ.

வானியல் வகுப்பில் சூத்திரத்தோடு ஆரம்பிக்காதே. பிறை ஏன் என்று கேட்டால் பூமியின் நிழல் என்பார்கள். தேய்பிறை அஷ்டமியன்று காலை ஏழு மணிக்குத் தலைக்கு மேல், சற்று மேற்கே பார்க்கச் சொல். பாதி நிலா நிற்கும், கிழக்கே சூரியனும் நிற்கும். ஒளிரும் பக்கம் சூரியனைப் பார்த்தபடி இருக்கும். நிழல் விழ வழியே இல்லை என்று அவர்களே சொல்வார்கள். காவலூர் வானாய்வகத்துக்கு அனுமதி வாங்கிக் கூட்டிப்போக முடிந்தால் போ, 1986 முதல் அங்கே இருக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியை ஒரு காமர்ஸ் பிள்ளை ஏன் பார்க்கக் கூடாது?

இதையெல்லாம் எழுதுகிற தகுதி எனக்கு இல்லை, கயல். 31 வருடம் மேஜர் வகுப்பை நானே வைத்துக்கொண்டேன். டைம்டேபிள் போடும்போது அல்லைடைப் புதிதாக வந்தவர்கள் தலையில் கட்டினேன். நல்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் மேஜர் லேபுக்கு, திருகு தேய்ந்தது அல்லைடுக்கு. மொட்டை மாடியில் தம்பி கேட்டதற்கு நான் சொன்ன பதில் உனக்கும் தெரியும். அவன் அப்புறம் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்றைக்கு நீ சந்தோஷமாகப் போன் செய்து வகுப்புகளைச் சொன்னபோது "அல்லைடுதானா?" என்று என் வாயில் வந்தது. நீ ஒரு நிமிடம் பேசவே இல்லை. எனக்கு அது காதிலேயே நிற்கிறது. தப்பு என்னுடையது.

இப்போது சென்னையில் மதிய நிழல் தெற்கே விழும், பிள்ளைகளைக் கவனிக்கச் சொல். ஆகஸ்ட் 18 அன்று சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வரும், 12.13 மணி வாக்கில். பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்து. தூக்குக்குண்டு வைத்துச் சரிபார், சாய்ந்திருந்தால் நிழல் மறையாது. மேகம் இருந்தால் முன்னே பின்னே ஒரு நாள் பார்க்கலாம், பெரிய வித்தியாசம் இருக்காது. எனக்கு மதுரையில் ஆகஸ்ட் கடைசி வாரம்தான்.

அன்றைக்குப் பிள்ளைகளோடு பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்.

அம்மா