17-வது வளைவில் நடந்ததை அன்றிரவே கண்டுபிடித்திருக்கலாம்

ஆசிரியருக்கு,

மரினா பே பந்தயத்தில் பாதுகாப்பு கார் (விபத்து நேர்ந்தால் மற்ற கார்களைத் தன் பின்னால் மெதுவாக ஓடவைக்கும் கார்) களமிறங்கியவுடன் "பேசிவைத்து ஓட்டுகிறார்கள்" என்று சொல்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. காரணமும் தெரிந்ததுதான். ஃபார்முலா ஒன்னின் முதல் இரவுப் பந்தயம் 2008 செப்டம்பர் 28 அன்று சிங்கப்பூரில் நடந்தபோது அப்படி உண்மையிலேயே பேசிவைத்துத்தான் ஓட்டினார்கள். ஆனால் 2008 முதல் 2023 வரை இங்கு நடந்த ஒவ்வொரு பந்தயத்திலும் பாதுகாப்பு கார் வந்திருக்கிறது. 2024-ல்தான் முதன்முறையாக வரவில்லை. சுவரை உரசிக்கொண்டு ஓடும் தெருப் பந்தயத்தில் அது சகஜம். எனவே அதை மட்டும் வைத்துச் சந்தேகப்படுவதில் பொருளில்லை. பார்க்க வேண்டிய இடங்கள் வேறு; அவை 2008-லும் இருந்தன.

முதலாவது, எரிபொருள் கணக்கு. தகுதிச் சுற்றில் ரெனோ அணியின் ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்கு எரிபொருள் கோளாறு; 15-வது இடத்தில் இருந்து புறப்பட வேண்டிய நிலை. பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்ப அப்போது அனுமதி இருந்தது (2010 முதல் இல்லை). முந்திச் செல்வது கடினமான பாதையில், பின்வரிசையில் இருப்பவர் நிறைய எரிபொருளுடன் கிளம்பி, மற்றவர்கள் பிட்டுக்குள் (எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் இடத்துக்குள்) போனபின் இடம் பிடிக்கப் பார்ப்பதுதான் அன்றைய வழக்கம். ரெனோ அவருக்குக் குறைவாக நிரப்பி, 61 சுற்றுப் பந்தயத்தில் 12-வது சுற்றிலேயே பிட்டுக்கு அழைத்தது. வெளியே வந்தபோது அவர் கூட்டத்தின் கடைசியில். தனியாகப் பார்த்தால் இது கிறுக்குத்தனம். அடுத்த ஓரிரு சுற்றுக்குள் பாதுகாப்பு கார் வந்தால் மட்டுமே இதற்கு அர்த்தம் உண்டு. 14-வது சுற்றில் அவருடைய அணித் தோழர் நெல்சன் பிக்கே ஜூனியர் 17-வது வளைவில் சுவரில் மோதினார்.

அந்த வளைவு ஏன்? பிக்கே பின்னர் கொடுத்த வாக்குமூலப்படி, அணியின் தலைமைப் பொறியாளர் பேட் சைமண்ட்ஸ் பாதையின் வரைபடத்தைக் காட்டி அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தார். அங்கே காரைத் தூக்கக் கிரேன் இல்லை. ஓரமாகத் தள்ளிவிடச் சுவரில் திறப்பும் இல்லை. ஆகவே பாதுகாப்பு கார் வந்தே தீரும்.

மீதியைப் பந்தய விதிமுறையே பார்த்துக்கொண்டது. 2007, 2008 ஆண்டுகளில் இருந்த விதிப்படி, பாதுகாப்பு கார் வந்ததும் பிட் மூடப்படும். கார்கள் அதன் பின்னால் வரிசைகட்டிய பிறகே திறக்கும். அந்த நேரத்தில் எரிபொருள் தீர்ந்தவருக்கு இரண்டே வழி: நடுவழியில் நிற்பது, அல்லது மூடிய பிட்டுக்குள் போய்த் தண்டனை வாங்குவது. நிகோ ராஸ்பெர்க்கும் ராபர்ட் குபிட்சாவும் உள்ளே போனார்கள். தலா 10 விநாடி நின்று செல்லும் தண்டனை. பிட் திறந்ததும் மற்றவர்கள் மொத்தமாக உள்ளே முண்டியடித்தார்கள். ஏற்கெனவே எரிபொருள் நிரப்பிவிட்ட அலோன்சோ அமைதியாக ஐந்தாம் இடத்துக்கு ஏறினார். அவருக்கு முன்னால் இருந்தவர்களில் இருவருக்குத் தண்டனை பாக்கி, மற்ற இருவருக்கு பிட் நிறுத்தம் பாக்கி. 34-வது சுற்றில் யார்னோ ட்ரூலி பிட்டுக்குள் போனதும் முன்னணி அலோன்சோவுக்கு. வெற்றியும் அவருக்கே.

முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஃபெலிப்பே மாசாவின் கதை தனி. எரிபொருள் குழாயைக் கழற்றும் முன்பே ஃபெராரி பச்சை விளக்கைப் போட்டுவிட்டது. குழாயை இழுத்துக்கொண்டு கிளம்பிய அவர் 13-வதாக முடித்தார். அந்த ஆண்டின் சாம்பியன் பட்டத்தை லூயிஸ் ஹாமில்டனிடம் 98-க்கு 97 என ஒரே புள்ளியில் இழந்தார். குழாய்க் கோளாறு சதியில் சேராது. ஆனால் பிக்கே மோதாமல் இருந்தால் அந்த நேரத்தில் அந்த நெரிசலில் அவர் பிட்டுக்குள் போயிருக்கவே மாட்டார். மாசா 2024-ல் லண்டனில் தொடுத்த வழக்கின் வேர் இங்கேதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: டெலிமெட்ரி, அதாவது காரின் உணரிகள் நொடிக்கு நொடி அனுப்பும் பதிவு. காரின் பின்பக்கம் வழுக்கினால், பழகிய ஓட்டுநரின் கால் யோசிக்காமலே ஆக்சிலரேட்டரைத் தளர்த்தும். கைகள் ஸ்டீயரிங்கை வழுக்கும் பக்கமாகத் திருப்பும். வரைகோட்டில் அது பளிச்சென்று தெரியும். ஆக்சிலரேட்டர் கோடு சரியும், பின்சக்கர வேகம் இறங்கி முன்சக்கர வேகத்துக்கு அருகில் வரும். பிக்கேயின் பதிவில் பின்பக்கம் நழுவத் தொடங்கிய பிறகும் ஆக்சிலரேட்டர் தளரவில்லை. சுவரில் மோதும் வரை அழுத்தம் நீடித்தது. வாக்குமூலத்தில் அவரே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். எந்தச் சுற்றில் இருக்கிறேன் என்று வானொலியில் திரும்பத் திரும்பக் கேட்டதாகவும், அது தன் வழக்கமல்ல என்றும் சொன்னார்.

ஒரு கோட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது என்பதும் உண்மை. மிதி சிக்கிக்கொள்ளலாம், பிரேக் கைவிடலாம், குளிர்ந்த டயர் பிடிக்காமல் போகலாம். அதனால்தான் அதே ஓட்டுநர் அதே வளைவில் முந்தைய சுற்றுகளில் என்ன செய்தார் என்பதன் மேல் இதை வைத்துப் பார்க்க வேண்டும். மிதியின் அளவும் இன்ஜினுக்குப் போன கட்டளையும் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் கோளாறு இயந்திரத்தில் இல்லை.

இதெல்லாம் பின்னாளில் வந்த அறிவு என்று யாரும் சொல்ல முடியாது. 2006-ல் மொனாக்கோ தகுதிச் சுற்றின் கடைசியில் மைக்கேல் ஷூமாக்கர் ராஸ்காஸ் வளைவில் காரை நிறுத்திவிட்டார். நடுவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து, அவர் பிரேக் பிடித்த விதத்தை முந்தைய சுற்றுகளோடு ஒப்பிட்டு, அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். 2014-ல் அதே மொனாக்கோவில் ராஸ்பெர்க் மீது சந்தேகம் எழுந்தபோது பதிவுகளைப் பார்த்து, குற்றமில்லை என்று விடுவித்தார்கள். இரண்டு முடிவுகளும் அன்றைக்கே வந்தன. 2008-லோ எல்லாக் கார்களிலும் ஒரே வகை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கட்டாயமாகியிருந்தது. தரவுகளைப் பெறுவது முன்பைவிட எளிது. ஆனாலும் யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு சக்கர வழுக்கலைத் தடுக்கும் கருவிக்குத் தடை, அடிக்கடி மோதும் புது ஓட்டுநர் என்ற பெயர்: இரண்டும் நல்ல திரையாக அமைந்தன.

2009-ல் சீசன் நடுவில் பிக்கேயை ரெனோ கழற்றிவிட்ட பிறகே எல்லாம் வெளிவந்தது. அவரை வைத்துக்கொண்டிருந்தால் இன்றுவரை நமக்குத் தெரியாமலே போயிருக்கலாம். ரெனோவுக்கு நிறுத்திவைக்கப்பட்ட தகுதிநீக்கம், அணித் தலைவர் ஃபிளாவியோ பிரியாட்டோரேவுக்குக் காலவரையற்ற தடை, சைமண்ட்ஸுக்கு ஐந்தாண்டு. தனிநபர் தடைகளை 2010 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம் ரத்து செய்து, பிரியாட்டோரேவுக்கு 15,000 யூரோ இழப்பீடும் வழங்கியது. பந்தய முடிவு மட்டும் அப்படியே நிற்கிறது.

வானொலிப் பதிவு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத் தொடர் ஓர் உதாரணம். 2013 ரிச்மண்ட் பந்தயத்தில் ஏழு சுற்று மீதமிருக்க கிளின்ட் போயரின் கார் சுழன்று நின்றது; அணித் தோழருக்கு உதவவே அப்படிச் செய்தார் என்று சந்தேகம். அதற்குச் சற்று முன் அவர் கை வலிக்கிறதா என்று அணியினர் வானொலியில் விசாரித்தது எல்லார் காதிலும் விழுந்தது. ஆனாலும் அந்தச் சுழற்சி வேண்டுமென்றே நடந்தது என்று நாஸ்காரால் நிறுவ முடியவில்லை. அதே அணியின் இன்னொரு ஓட்டுநர் பிரையன் விக்கர்ஸை பிட்டுக்குள் வரச் சொன்ன உத்தரவுதான் அகப்பட்டது. அணிக்கு மூன்று லட்சம் டாலர் அபராதம் விழுந்தது.

2021 அபுதாபி ஃபார்முலா ஒன் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் ஓட்டுநர் நிக்கோலஸ் லத்தீஃபி மோதி, பாதுகாப்பு கார் வந்ததை இதே கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அங்கே குளறுபடி பந்தய இயக்குநரின் முடிவில். பின்தங்கிய கார்களில் ஐந்தை மட்டும் முன்னே விட்டது மனிதத் தவறு என்று பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பின் அறிக்கையே சொன்னது. மோசமான நிர்வாகம், ஃபிக்ஸிங் அல்ல.

நான் கேட்பது சிறிய விஷயம். வேறு கார் தொடாமல் ஒருவர் தனியாக மோதி, அதனால் பாதுகாப்பு கார் வந்து, அவருடைய அணித் தோழருக்கு இடம் கூடினால், புகாருக்குக் காத்திராமல் நடுவர்கள் அவருடைய முந்தைய ஐந்து சுற்றுகளின் ஆக்சிலரேட்டர், பிரேக், ஸ்டீயரிங் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கட்டும். இரு கார்களின் பிட் திட்டத்தையும் பந்தயத்துக்கு முன்பே மூடிய உறையில் வாங்கி வைக்கட்டும். குற்றமில்லை என்றாலும் அந்த வரைகோட்டை முடிவோடு சேர்த்து அன்றிரவே வெளியிடட்டும்.

இங்ஙனம்,
மோட்டார் பந்தய வாசகர்,
சிங்கப்பூர்