நன்றி மடல்: எங்கள் பேச்சைத் திருத்தித் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரி மாவட்டத்து மானாவாரி ஊர்களுக்காகச் சத்துணவு, சுகாதாரம், குடிநீர், விவசாயம் பற்றிப் பேசும் சமுதாய வானொலியின் நிகழ்ச்சிக் குழு எழுதும் மடல் இது. “நீங்க சொன்னது நம்ம ஊருக்கு ஒத்துவராதுங்க” என்று போன் போட்டுச் சொன்னவர்களுக்கும், நேரில் வந்து சொன்னவர்களுக்கும் முதல் நன்றி. துண்டறிக்கையை மடித்து வைத்துத் திரும்பப் படிக்கலாம். வானொலியில் காதில் விழுந்தது விழுந்ததுதான். ஓர் அளவு தப்பாகப் போய்விட்டால் மறுநாள் திருத்தம் சொல்லலாம்; ஆனால் முதல் நாள் கேட்ட தாய் மறுநாளும் பெட்டியைப் போடுவார் என்று என்ன உறுதி? ஒலிபரப்புக்கு முன்பே கேட்டுப் பிழை சொல்கிறவர்கள் இல்லாமல் சுகாதார நிகழ்ச்சி நடத்தவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கிராம சுகாதார செவிலியர் அக்காக்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள்; பிரசவத்துக்குப் பின் இன்னும் 180 நாள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இதை அழகாக வாசித்துவிட்டால் நிகழ்ச்சி முடிந்தது போலத் தோன்றும். ஆனால் மாத்திரை அட்டை பாதி பிரித்தபடி அலமாரியில் கிடக்கிறதே, ஏன்? அது வீடு வீடாகப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். மலம் கறுப்பாகப் போகிறது, பயந்து நிறுத்துகிறார்கள். குமட்டுகிறது, நிறுத்துகிறார்கள். “குழந்தை பெருத்துடும், பிரசவம் கஷ்டமாயிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், நிறுத்துகிறார்கள்.

இந்த மூன்று பயங்களையும் செவிலியர்கள் எடுத்துச் சொன்னதால், இப்போது நிகழ்ச்சி அங்கிருந்தே தொடங்குகிறது. உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சமான இரும்புதான் மலத்தைக் கறுப்பாக்குகிறது, அதில் ஆபத்தில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து மாத்திரை போட்டுப் படுத்தால் குமட்டல் அவ்வளவாகத் தெரியாது. டீ, காபி, பாலோடு போடக் கூடாது, டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரையால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்காது. ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போனால்தான் தாய்க்கு ஆபத்து. கர்ப்பிணிக்கு எச்.பி., அதாவது ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அளவு, 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் நிற்காது. ஒரு நாளைக்கு ஒரு பயம், ஏழு நிமிடம், அதுவும் மாமியார்கள் கேட்கிற நேரத்தில் என்று பிரித்துக் கொடுத்ததும் செவிலியர்கள்தான்.

அடுத்து குடிநீர் பரிசோதனைக்கு வந்து உதவியவர்கள். மழைக்காலத்தில் எல்லா ஊர் வானொலியும் சொல்வது “தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்” என்பது. வயிற்றுப்போக்குக் கிருமிக்கு அது சரியான அறிவுரை. ஆனால் இந்த மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு இருக்கிறது. பல்லில் காவிக் கறை, நாள்பட்டால் மூட்டு இறுக்கம், எலும்பு வளைதல் என்று அது வருடக்கணக்கில் வேலை செய்கிறது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும், ஆக லிட்டருக்கு அதன் அளவு கூடும். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் விரும்பத்தக்க எல்லை. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. “காய்ச்சுங்க” என்ற ஒற்றைச் சொல் இங்கே பாதி உண்மை. எந்தத் தண்ணீரைக் காய்ச்ச வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த பிறகு குடிக்க ஆற்றுத் தண்ணீர் கிடைக்கிறது. ஆனாலும் குழாய் வராத நாளில் உலை வைக்க போர் தண்ணீரையே ஊற்றுகிற வழக்கம் இருக்கிறது என்று சுட்டிக்காட்டியவர்கள் மகளிர் குழுப் பெண்கள். களிக்கு உலைத் தண்ணீரை வடிப்பதில்லை. தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு முழுவதும் களிக்குள் போய்விடும். எனவே எங்கள் செய்தி இப்படி மாறியது: ஒகேனக்கல் தண்ணீர் குடிக்க, உலைக்கு, பருப்புக்கு; போர் தண்ணீர் துவைக்க, குளிக்க, மாட்டுத் தொட்டி கழுவ. இரண்டு குடத்துக்கும் இரண்டு நிறத் துணி கட்டிவைக்கும் யோசனை அவர்களுடையது. இந்த மடலில் ஒன்றை மட்டும் சட்டம் போட்டு மாட்டலாம் என்றால் இதைத்தான் மாட்டுவோம்.

மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர்களுக்கும் நன்றி. தண்ணீரில் கிருமி சாக 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டாமல் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். மூட்டை வாய் திறந்தே கிடந்தால் பவுடர் வீரியம் போய்விடும். அளவு சரியாக இருந்தும் கடைசித் தெருக் குழாயில் குளோரின் இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி ராகி. முளைகட்டிய ராகிக் கூழ் நிகழ்ச்சிக்குக் குரல் கொடுத்த பாட்டிமார்களே, உங்களுக்குத் தனி வணக்கம். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் 10 தேறுவது கூடக் கஷ்டம். இந்தக் கணக்கு எங்களிடம் இருந்தது. செய்முறையின் நுணுக்கம் உங்களிடம் இருந்தது. கல் நீக்கிக் கழுவி 12 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைச் சொட்ட வடித்து, ஈரப் பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றரை நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அரிசி நீளத்துக்குமேல் விடக் கூடாது, கசக்கும். நிழலில் உலர்த்தி, வாசனை வரும்வரை மட்டும் வறுத்து அரைக்க வேண்டும். மழைக் காலத்தில் மூட்டைக்குள் கை விட்டால் வழவழப்பும் புளித்த வாடையும் இருக்குமானால் அதைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீர் சரியாக வடியாததுதான் காரணம். “நடுவுல ஒரு தடவை பிரிச்சு, உதறிக் கட்டு” என்று ஒரு பாட்டி சொன்ன அந்த ஆறு சொற்களை நாங்கள் வெட்டாமல் அப்படியே ஒலிபரப்புகிறோம்.

முளைகட்டுவதால் மாவு கூழில் அவ்வளவு கெட்டிப்படாது. அதே கிண்ணத்தில் அதிக மாவு போட முடியும். குழந்தையின் சின்ன வயிற்றுக்கு இதுதான் முக்கியம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, ஏழெட்டு மாதத்தில் 250 மில்லி கிண்ணத்தில் பாதி, ஒரு வயதுக்குமேல் முழுக் கிண்ணம். பதம் எப்படி என்று வானொலியில் காட்ட முடியாது. அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் சொன்ன வழி: கரண்டியைச் சாய்த்தால் கூழ் ஓடக் கூடாது, மெதுவாகச் சரிய வேண்டும். தண்ணியாக ஓடும் கூழ் கிண்ணத்தில் விழும் சத்தத்தையும், சரியான பதம் ‘தொப்’பென்று விழும் சத்தத்தையும் அடுத்தடுத்துப் பதிவு செய்து போட்டோம். ஐந்து நிமிட விளக்கத்தைவிட அந்த இரண்டு சத்தமும் தெளிவு.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கும் (ஓ.ஆர்.எஸ். பாக்கெட்) இப்படித்தான் பாத்திரப் பிரச்சினை. “ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்” என்றால், சொம்பு வீட்டுக்கு வீடு வேறு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து, பாக்கெட் முழுவதையும் ஒரே நேரத்தில் கரைத்து, 24 மணி நேரத்தில் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கரைப்பது தவறு. உப்பு கூடிப்போனால் கெடுதல். கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், 14 நாள். வயிற்றுப்போக்கு மூன்றாம் நாளே நின்றாலும் பதினான்கையும் முடிக்க வேண்டும். இதை நினைவூட்டச் சொன்ன மருந்தாளுநருக்கு நன்றி.

ரேஷன் கடை ஊழியர்களுக்கு: 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. சரக்கு வந்த அன்றே நீங்கள் சொல்வதால்தான் காலை அறிவிப்பு பொய்யாவதில்லை. கடைக்கு நடந்து போய் வெறும் பையோடு திரும்பினவர் அடுத்து நாங்கள் சொல்வது எதையும் நம்பமாட்டார்.

ஒலி போய்ச் சேரப் பாடுபட்டவர்களையும் சொல்ல வேண்டும். சமுதாய வானொலிக்கு 100 வாட் கதிர்வீச்சுத் திறனும் 30 மீட்டர் கோபுரமும்தான் விதிப்படி பொதுவான உச்ச அளவு. சமவெளியில் பத்து கிலோமீட்டர் சுற்றுவட்டம், குன்றுக்கு அந்தப் பக்கம் அதுவும் இல்லை. கோபுரம் ஏறித் தரும் எலக்ட்ரீஷியன் தம்பிகளே, ஆன்டெனா கேபிளின் இணைப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினாலும் சக்தி திரும்பி வந்து டிரான்ஸ்மிட்டரைச் சூடாக்கும். இணைப்பின்மேல் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, கட்டடத்துக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு மழைநீர் அங்கேயே சொட்டும்படி செய்தீர்கள். எர்த் குழியில் கோடைக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காத காவலர் அண்ணனுக்கும் நன்றி. மண் காய்ந்தால் இடி இறங்க வழி இருக்காது.

தங்கள் வீட்டு நோயை மைக்கில் சொல்லச் சம்மதித்த குடும்பங்களுக்கு என்ன சொல்வது! பெயரும் ஊரும் வராது, வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடுவோம் என்று சொன்ன சொல் இப்போதும் நிற்கிறது.

கடைசியாக, காலை ஐந்தே முக்கால் மணிக்கே பெட்டியைத் திறந்து வைக்கும் டீக்கடைக்காரர்களுக்கும், நூறு நாள் வேலை இடத்தில் போனில் எங்களைப் போட்டுக் கேட்பவர்களுக்கும் நன்றி. போனில் கரகரத்தால் இயர்போன் ஒயரைச் சுருட்டாமல் நீட்டி விடுங்கள், அதுதான் ஏரியல். இந்த வாரம் முளைகட்டிய மாவைப் பூச்சி வராமல் வைப்பது பற்றிப் பேசுகிறோம். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
நிகழ்ச்சிக் குழுவினர்